இடம் பிடித்தவர்

உள்ளே இருப்பவள் ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு மருமகள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சம்பந்திகள் இருவரும் நிலைகொள்ளாமல் நடந்தார்கள்.

"காரணமில்லாம எதுவும் வராது. உலகம் வந்திருக்குன்னா, கொண்டுவந்தவர் ஒருத்தர் இருக்கணும்ல?" என்றார் பையனின் அப்பா.

"அப்போ அவரைக் கொண்டுவந்தது யாரு?" என்று சீறினார் பெண்ணின் அப்பா.

"கடிகாரமே தானா உருவாகாது. கண்ணு எப்படி உருவாகும்?"

"அவ்வளவு கெட்டிக்காரர், என் பொண்ணு இதயத்துல எதுக்கு ஓட்டை வச்சாராம்?"

பையனின் அப்பா தடுமாறினார். "அதுக்கும்... ஏதாவது காரணம் இருக்கும், சம்பந்தி."

பெண்ணின் அப்பா சட்டென்று நின்றார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இதெல்லாம் நான் மேடையில பேசுறது. கடவுளே இல்லைன்னு எதிர்மேடை போடுற ஆளாச்சே நீங்க!"

"இப்பவும் இல்லைன்னுதான் சொல்றேன். ஆனா உங்க இடத்தை விட்டு நீங்க எந்திரிச்சுட்டீங்களே! திரும்பி வர்ற வரைக்கும் நான் பிடிச்சு வச்சிருக்கேன்."