பதிவேட்டில் ஒரு வரி

"அவசரப்படாதீங்கக்கா. உங்களுக்காகப் பதிவேட்ல ஒரு வரி காலியா விட்டு வச்சிருக்கேன்" என்றாள் சிட்டு, போனில்.

பெரியக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி காதுக் கருவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சிட்டு சலிக்காமல் சொன்னாள். மணி மூன்றரைதான். அவள் வேலை பார்க்கும் மேல்முறையீட்டு அலுவலகம் ஐந்தரை வரை திறந்திருக்கும், பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம்.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்த பெரியக்காவுக்குக் கண்காணிப்பாளர் பதவி வரவேண்டிய நேரத்தில், காது மந்தம், போன் பேசும் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி, எட்டு வருஷம் இளையவர் ஒருவரைத் தூக்கி அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாரபட்சம் என்று புகார் கொடுத்தார். அதையும் அரைப் பக்கத்தில் தள்ளுபடி செய்தார்கள்.

உத்தரவு கைக்கு வந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். அன்று முப்பதாவது நாள். ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம்தான் இருந்தது, இதை விட்டால் அந்த நாற்காலியை அவர் எட்டிப் பார்க்கவும் முடியாது.

மனு தயாராகப் பையில் இருந்தது. கருவி வைத்தால் நன்றாகக் கேட்கிறது என்று காது டாக்டர் தர வேண்டிய சான்றிதழ்தான் பாக்கி. டாக்டரோ அன்றைக்கென்று பார்த்து லீவு போட்டிருந்தார். மனுவை இன்றே கொடுத்துவிட்டுச் சான்றிதழை அப்புறம் சேர்க்கலாமா என்று கேட்கத்தான் பெரியக்கா போன் செய்திருந்தார்.

சிட்டு ஒரேயடியாகத் தடுத்துவிட்டாள். சான்றிதழ் இல்லாத மனுவை மேலே இருப்பவர்கள் தூக்கிக் கடாசிவிடுவார்கள், நாளைக்கு முழுசாகக் கொண்டு வாருங்கள், இன்றைய தேதி முத்திரையைக் குத்தி அந்தக் காலி வரியில் ஏற்றிவிடுகிறேன் என்றாள்.

"நான் இருக்கறப்ப உங்களுக்கு என்னக்கா கவலை?"

பெரியக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தலைமை அலுவலகத்தில் இதே மாதிரி மனுக்கள் வாங்கும் பதிவேட்டைப் பல வருஷம் வைத்திருந்தவர் அவர். மணி ஐந்தரை ஆனால் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்து மூடிவிடுவார். பெற்ற அப்பனே வந்து நின்றாலும் திறக்கமாட்டார் என்று பெயர் வாங்கியிருந்தார்.

சிட்டு அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்து அவருக்கு அடுத்த மேஜையில் இருந்தாள். சிட்டுக்குருவி மாதிரி ஓடியாடி வேலை செய்ததால் பெரியக்காதான் அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை உண்டான ஆறாம் மாதத்தில் யாரோ மேலதிகாரி அவளைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள். பன்னிரண்டு வருஷம் கழித்து மேல்முறையீட்டுக் கவுன்ட்டரில் அவளைப் பார்த்ததும் பெரியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுவை வரி வரியாகத் திருத்திக் கொடுத்ததும் அவள்தான்.

ஊருக்கெல்லாம் சட்டம் பேசி என்ன கண்டோம், நமக்கும் ஒருத்தி உதவட்டுமே என்று நினைத்துக்கொண்டு பெரியக்கா வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்றாகிவிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சிட்டு உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், பக்கங்களை எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு முத்திரையை எடுத்து மனுவில் ஒன்றும் நகலில் ஒன்றுமாகக் குத்தி, நகலை நீட்டினாள்.

பெரியக்கா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு பார்த்தார். அன்றைய தேதி. கைமறதியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்.

"தேதி மாறிப்போச்சு பாரு கண்ணு."

"இன்னிக்குக் குடுத்தா இன்னிக்குத் தேதிதானேக்கா?"

சிட்டு பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நேற்றைய பக்கம் மேலிருந்து கீழ்வரை நெருக்கி எழுதியிருந்தது, ஊசி நுழைய இடமில்லை. காலி வரி என்று ஒன்று எப்போதுமே இருந்திருக்கவில்லை. முப்பத்தோராவது நாள் வந்த மனு என்று ஓரத்தில் குறிப்பு வேறு எழுதத் தொடங்கியிருந்தாள்.

யாராவது கவனிக்கிறார்களா, அதற்குப் பயந்து இப்படிச் செய்கிறாளா என்று பெரியக்கா திரும்பிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தள்ளுபடி உத்தரவைப் பார்த்தபோது கூட வராத அழுகை வந்தது. அந்த அதிகாரிகள் யாரோ எவரோ, இவளைத் தங்கச்சி என்று நம்பியிருந்தார்.

"நேத்தே வந்திருப்பேனேடி. கையில மனுவோடதானே நின்னேன்" என்றார். "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே, உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணேன்?"

சிட்டு குறிப்பை எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"என் டிரான்ஸ்பர் அப்பீலை நீங்க திருப்பி அனுப்பினப்பவும் ஒரு நாள்தான்க்கா லேட்டு."