கரையோரக் கெண்டைகள்

“என்னங்க, இங்க பாருங்க! மீனெல்லாம் நம்ம கூடவே வருது!”

ஜஹீரா கொடைக்கானல் ஏரியின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கரையோரத்தில் கெண்டை மீன்கள் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு நீருக்கு மேலே வந்தன. புல்லின்மேல் உறைபனி இன்னும் கரையவில்லை.

“மீன்னா தண்ணியிலதான இருக்கும்? வா, வெரசா போவோம். குளிருது” என்றான் அவள் கணவன் வாசிம்.

“இந்தக் குளிருக்கு எல்லாம் அடியிலல்ல போய்க் கெடக்கும்?”

வாக்கிங் வந்த ஒருவர் நின்றார். “தண்ணி கெட்டுப்போயிருக்கும்மா. மூச்சு முட்டி மேல வருதுங்க. முனிசிபாலிட்டி ஆபீஸ்ல சொல்லணும்” என்றபடி வீடியோ எடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

வாசிம் மப்ளரை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு விலகி நடந்தான். மீன்களும் நகர்ந்தன. நின்றான், நின்றன. வந்த வழியே திரும்பினான், அவையும் திரும்பின.

“அட, சார் பின்னாடியேல்ல போகுது!” கூட்டம் சிரித்தது.

“வீட்டுக்குப் போயிருவோம், ஜஹீரா.”

“இருங்க. வாரத்துல ஒருநாள்தான் உங்களுக்கு லீவு. செத்த நேரம் நிக்கக் கூடாதா?”

அவன் மீன்களைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். அது கலைகிற வரை மப்ளரை இறக்கவில்லை. பிறகு சிமென்ட் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான்.

“லீவெல்லாம் இல்ல, ஜஹீரா. பொங்கல் கூட்டம் முடிஞ்சதும் லாட்ஜுல என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க. அன்னையிலருந்து வெள்ளனே கெளம்பி இங்கதான் வந்து உக்காந்திருக்கேன். நீ கட்டிக் குடுக்குற சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது. அதான் இதுகளுக்குப் போட்டுட்டு... ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ஜஹீரா பக்கத்தில் உட்கார்ந்து, விறைத்துப்போயிருந்த அவன் கையைத் தன் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“பஸ்ல போறப்பப் பாத்தேங்க, சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டு நீங்க தனியா உக்காந்திருந்தத. இன்னைக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க வாயத் தெறக்கல. சரி, அதுகளாச்சும் சொல்லட்டும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்.”