மூடாத கிண்ணம்

மூடியை எட்டாத தூரத்தில் தள்ளி வைத்துவிட்டுத்தான் முதல் வாயை விழுங்கினேன்.

ஜப்பானில், இந்த மொரியோகா ஊரில் கிண்ண நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தால் மூடிதான் எல்லாம். பரிமாறுகிறவள் பக்கத்தில் நின்று, ஒரு வாய் அளவு நூடுல்ஸ் உள்ள சின்னக் கிண்ணத்தை எடுத்து நம் கிண்ணத்தில் கவிழ்ப்பாள். விழுங்குவதற்குள் அடுத்தது விழும். போதும் என்று கெஞ்சினாலும் விடமாட்டாள். நம் கிண்ணத்தைக் காலி செய்து, அடுத்தது விழுவதற்குள் மூடிவிட வேண்டும்.

மூடும்வரை அவள் நம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. அந்த ஒரு விதிக்காகத்தான் நான் வருகிறேன்.

எனக்குப் பரிமாறுகிற சயோரி என் மகள். அவளுக்கு அது தெரியாது.

விவாகரத்தின்போது அவள் கைக்குழந்தை. எங்கள் நாட்டில் பிள்ளை ஒருவர் பக்கம்தான் போகும். அவள் அம்மா பக்கம் போனாள், அம்மாவின் குடும்பப் பெயரோடு. என் வீட்டில் இவாபுச்சி என்ற குடும்பப் பெயரைச் சுமக்க நான் மட்டும் மிச்சம்.

என் அண்ணி மட்டும் அவள் அம்மாவோடு இன்னும் போனில் பேசுவாள். அந்த வழியாகத்தான் சயோரி இந்தக் கடையில் இருப்பது தெரிந்தது. போய்ப் பேசித் தொலையேன்டா என்றான் அண்ணன். வந்தேன். பேச வாய் வரவில்லை, சாப்பிடத்தான் வந்தது.

வருடா வருடம் குதிரைத் திருவிழா அன்று வருவேன். மணி கட்டிய குதிரைகளைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும். கடையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

"ம், அடுத்தது! இன்னும் இடம் இருக்கு, முகத்துலயே தெரியுது!"

எல்லாரிடமும் பாடுகிற பாட்டைத்தான் என்னிடமும் பாடுவாள். கணீரென்ற குரல். அதில் எனக்கென்று ஒரு சொல்லும் கிடையாது. எனக்கு அதுவே போதும். மற்ற நாட்களில் நான் தின்பது, இன்னும் கொஞ்சமா என்று கேட்க ஆளில்லாத டப்பாச் சோறு.

வயிறு கொள்கிறவரை அவள் என் பக்கத்தில் நிற்பாள். இந்த வருடம் அந்த வயிறே காலை வாரியது. குளிர்காலத்தில் ஆபரேஷன் செய்து பாதியை எடுத்துவிட்டார்கள். ஒரு கைப்பிடி இறங்கினாலே நெஞ்சை அடைக்கிறது. போன வருடம் ஆற அமர அவளைப் பார்த்தேன். இந்தமுறை உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் எழுந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஆனால் என்னவோ, இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது.

மணிச் சத்தம் வாசலை நெருங்கியது. கடைக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நீயும் வாயேன் என்று சயோரியைக் கூப்பிட்டாள். இவர் இன்னும் மூடவில்லையே என்று சொல்லிவிட்டாள் இவள்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற குதிரைகள், பிள்ளை போய்ப் பார்க்கட்டும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுந்து மூடிக்குக் கை நீட்டினேன்.

அப்போதுதான் அவளுடைய தட்டு கண்ணில் பட்டது. எனக்குக் கவிழ்த்து முடித்து வரிசையாக வைத்திருந்த கிண்ணங்கள். ஒன்றுகூடக் காலியில்லை. எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் நூடுல்ஸ் அப்படியே கிடந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. திணிப்பதுதான் இந்தக் கடைகளின் பெருமை. கிழவன் தாங்கமாட்டான் என்று பாவம் பார்க்கிறாளா?

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாட்டுக் குரலும் இல்லை. தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"உங்களுக்குப் பாதி வயித்தை எடுத்துட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் கொஞ்சம் கொஞ்சமா போடுறேன். சீக்கிரம் மூடிடாதீங்க."

நான் உட்கார்ந்தேன்.

அடுத்த கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்தாள். இரண்டே இழை விழுந்தது.