இலவச ரயிலின் தலைவர்

கம்பெனியின் விசாரணை அதிகாரி காபிக் கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. மூலை மேஜையில், மஃப்டியில் இருந்த இன்ஸ்பெக்டர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

ஒன்பது மாத உழைப்பு இன்று பலிக்கப் போகிறது.

லாபமில்லை என்று கம்பெனி கைகழுவிய பழைய கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டு அது. கம்ப்யூட்டர் பைத்தியங்கள் சிலர் அதை எடுத்துத் தூசி தட்டி, புதுப்புது ஸ்டேஷன்கள் சேர்த்து, ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியோ இப்போது அதையே புதுப்பித்து விற்கப் பார்க்கிறது. முதலாளி கொதித்துப்போனார்.

"தலைவனைப் பிடிச்சுக் குடு, நீதான் மேனேஜர். இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

அதிகாரி இணையத்தில் 'நத்தை' என்ற பெயரில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று வேலையில் இறங்கினார். மரத்துக்குள் முளைத்திருந்த சிக்னலை நகர்த்தினார். பாலத்தில் கவிழ்ந்துகொண்டே இருந்த ரயிலை ஓடவைத்தார். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், சண்டை வந்தால் விலக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. கம்பெனிக்காக மனிதர் இப்படி உழைக்கிறாரே என்று மனைவி உருகினாள். அவருக்கே அது பிடித்துப்போயிருந்தது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் தலைவர் யாரென்று மட்டும் பிடிபடவில்லை. கேட்டால் சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு நழுவினார்கள். இன்றுதான் முதல் நேர் சந்திப்பு. தலைவர் கட்டாயம் வருவாராம்.

கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பல் டாக்டரும் தையல்கார அக்கா ஒருத்தியும் காத்திருந்தார்கள்.

"நத்தை சாரா? வாங்க, வாங்க. இவ்வளவு ஒல்லியா இருக்கீங்களே, சாப்பிடுறதில்லையா?" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவருக்கு மனசு உறுத்தியது. மேனேஜர் நாற்காலியை நினைத்துத் தேற்றிக்கொண்டார்.

"தலைவர் வந்தாச்சா?"

"வந்தாச்சே," என்று இருவரும் சிரித்தார்கள்.

அது போதும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், அதுதான் சைகை. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து மேஜை முன் நின்றார்.

"போலீஸ். உங்க தலைவர் யாரு?"

அக்கா அசரவில்லை. "ஆரம்பிச்சவர் எப்பவோ விலகிட்டார் சார். எங்ககிட்ட தேர்தல் எல்லாம் கிடையாது. யார் அதிகமா வேலை செய்றாங்களோ, அவங்கதான் தலைவர்."

"சரி, ஆளைக் காட்டுங்க."

பல் டாக்டர் பெருமையோடு நத்தையின் தோளில் கைபோட்டார். "எட்டு மாசமா இவர்தான் சார்."