நாற்பது கிலோ

"நீ புது நர்ஸா? அந்த நாற்காலியில உக்காராதம்மா, என் மக வர்ற நேரம்" என்றார் சீதாலெட்சுமி.

கார்த்திகா சிரித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த புட்டுமாயம் என்ற இடியாப்பப் பொட்டலத்தைப் பிரித்தாள். மலேசியாவின் கிள்ளானில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் அது டீ நேரம்.

"நீ சாப்பிடலையா?"

"பசிக்கல ஆன்டி. வாரம் ஒரு ஊசி போட்டுக்கறேன், பசியே வராது. ஒரு வருஷத்துல நாப்பது கிலோ குறைஞ்சிட்டேன்."

"நாப்பதா! ஐயோ, எதுக்கு?"

"இனிப்பு நீர் நோய் வந்துடும்னு டாக்டர் பயமுறுத்துனாரு." கார்த்திகா தயங்கினாள். "அதோட, எங்கம்மா சின்ன வயசுலேருந்து இளை இளைன்னு திட்டிக்கிட்டே இருந்தாங்க."

"உங்கம்மாவுக்கு அறிவே இல்லலா!"

சொன்ன வேகத்தில் சீதாலெட்சுமியின் முகம் வாடியது.

"நானும் அப்படித்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். சாயங்காலம் புட்டுமாயக்காரர் மோட்டார் சைக்கிள்ல ஹார்ன் அடிச்சா, என் பாப்பாதான் தட்டோட முத ஆளா ஓடுவா. குண்டுக் கன்னம் ரெண்டும் குலுங்கும். நாலு சாப்பிட்டுட்டு அஞ்சாவதுக்கு என் மூஞ்சியப் பார்ப்பா. எல்லார் முன்னாலயும் திட்டுவேன்."

"ஏன் திட்டுனீங்க?"

"நாளைக்கு யாரும் கேலி பண்ணிடக்கூடாதேன்னு பயம். ஆனா மழை பெஞ்சா அவளைக் கட்டிக்கிட்டுத்தான் படுப்பேன். போர்வையே வேணாம், அப்படி ஒரு கதகதப்பு. இங்க ரெண்டு போர்வை குடுத்தும் குளிருது."

கார்த்திகா புட்டுமாயத்தில் தேங்காய்ப்பூவைத் தூவினாள். பாதி வெளியே சிந்தியது.

"இதை அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"எங்க சொன்னேன்! வந்தா சொல்லணும். அவ வந்து ஆறு மாசம் ஆச்சு. இன்னும் கோவமா இருக்கா போல."

கார்த்திகா ஒரு புட்டுமாயத்தை எடுத்து, பசியே இல்லாமல் முழுவதையும் மென்று விழுங்கினாள்.

"அப்படித்தான், நல்லா சாப்பிடு" என்றார் சீதாலெட்சுமி.

வாசலில் அவள் செருப்பை மாட்டும்போது பணிப்பெண் மலர்விழி ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களும் வாரம் தவறாம வரீங்க. இளைச்சதுலேருந்து உங்கம்மாவுக்கு உங்கள அடையாளமே தெரியல, பாவம். இன்னிக்காச்சும் தெரிஞ்சுதா?"