பையில் அடங்குகிற கேமரா

"என் பாஸ்போர்ட்டக் குடுங்கப்பா."

வெளியாள் முன்னால் கேட்கவே கூடாதென்று அம்மா எச்சரித்ததைக் கேமரா கடையில் வைத்துக் கேட்டேன். அப்பா பாஸ்போர்ட் துருத்திக்கொண்டிருந்த சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"வீட்டுலயே மொத டிகிரின்னா கொம்பு மொளைச்சிருச்சா? ஆறு மாசம் வெளிநாடு சுத்தப் போறியா, அதுவும் தனியாவா?" என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

பயணத்துக்காக நான் காசு கட்டியிருந்த குட்டிக் கேமராவில் கடைக்காரர் எங்களைச் சோதனைக்கு ஒரு படம் எடுத்தார். படத்தில் அப்பா மட்டும் இருந்தார். சட்டைப் பை தட்டையாக இருந்தது. விரல்கள் வெறுங்காற்றை வளைத்துப் பிடித்திருந்தன.

"ஏதோ கோளாறும்மா. பெரிய கேமராவுல எடுக்குறேன்."

அதிலும் அதே படம்தான். அப்பா வாய் பிளந்து பார்த்தார்.

"சின்னதே போதும்ணே. சுமக்கிறது சுலபம்."

அவர் பையிலிருந்து பாஸ்போர்ட்டை உருவினேன். கையை உதறிவிட்டுக் கேமராவோடு வெளியே நடந்தேன். அப்பாவின் விரல்கள் அப்படியே வளைந்திருந்தன.