மலாவி ஏரிப் படங்கள்

பாஸ்கரன் பொத்தானை அழுத்தியதும் எல்லோரும் கரோங்காவை விட்டு நக்காட்டா பே என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீல ஏரி, மரப்படகுகள், கரை நெடுக மீன் காயப்போட்ட பந்தல்கள்.

"இந்த ஊரிலும் வானத்தை மறைப்பது படம் எடுத்த என் வீட்டுக்காரரின் கட்டைவிரல்தான்" என்றார் ஆபிரிக்கா போய் வந்திருந்த மாடிவீட்டுக் கிறேமர் அம்மா. டோர்ட்மண்டில், திரை இழுத்துவிட்ட அந்த வரவேற்பறையில் சிரிப்பு எழுந்தது.

ரஞ்சினி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஜெர்மனிக்குப் புறப்பட்ட கணவன் சிறீதரனின் கடைசிக் கடிதம் அந்த ஏரிக்கரையிலிருந்துதான் வந்தது, தொண்ணூறாம் ஆண்டில். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவனை அங்கே விட்டுவிட்டு ஓடியிருந்தான். ஏழு வருடம் தேடியும் தகவல் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை, கோயிலில் பாஸ்கரன் அவளுக்குத் தாலி கட்டுவதாக இருந்தது.

படம் காட்டும் பெட்டியைத் திருத்தி, கொட்டிப்போன ஸ்லைட்டுகளை அடுக்கிக் கொடுத்தவனும் அவன்தான். "லென்ஸ் எல்லாத்தையும் கவிட்டுப் போடும். அதுதான் ஸ்லைட்டைத் தலைகீழா வைக்கிறது" என்று கோப்பி குடிக்கும்போதே ஆசையாக விளக்கியிருந்தான். "முன்பின் மாறினா இடம் வலமாப் போயிடும். ஏரியும் வானமும் எண்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"கலியாணத்துக்குப் பிறகும் இப்பிடித்தான் வகுப்பெடுப்பீங்களோ?" என்று அவள் சீண்டியிருந்தாள்.

அடுத்த படம் விழுந்தது. படகு இயந்திரம் ஒன்றைத் திருத்தியபடி ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். நம் ஊர் முகம். வலப் புருவத்தில் நீளத் தழும்பு. தோளில் ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரஞ்சினியின் கை பாஸ்கரனின் கையை இறுக்கியது.

"அவரோ?" என்றான் அவன்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "இல்லை. அவருக்குத் தழும்பு இடப்பக்கம்."

அப்போதுதான் பாஸ்கரன் படகில் எழுதியிருந்த பெயரைக் கண்டான். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக் கிடந்தன. அடுக்கிய அவசரத்தில் அவனே மாற்றி வைத்திருக்கிறான்.

எடுத்துத் திருப்பி வைக்க ஒரு நொடி போதும். அந்த நொடியோடு வெள்ளிக்கிழமையும் போய்விடும்.

அவன் பொத்தானை அழுத்தினான். அடுத்த ஊர் வந்தது.

படங்கள் முடிந்து இருவரும் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். மழை தூறியது. இதை மறைத்துக்கொண்டு தாலி கட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ரஞ்சினி, நான் உமக்கு ஒண்டு சொல்லவேணும். அந்தப் படத்தை நான்..."

"வேண்டாம், விடுங்கோ" என்றாள். அவள் அழுதுகொண்டு வந்ததை அவன் அப்போதுதான் கண்டான்.

"அந்தப் பிள்ளைக்கு அப்பிடியே அவரின்ர சிரிப்பு."